பஞ்சு சிஸ்டர் போட்ட ஊசி

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வார்டில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வலியைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேளாவேளைக்கு மார்ஃபின் ஊசி எழுதியிருந்தார்கள்.

ஆள் கிடந்தாரே தவிர அவர் வாயில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விரிப்பு மாற்றப் போனால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு" என்று தன்னைத்தானே அதட்டியபடி நகர்ந்து கொடுப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "டிக்கெட் கிழிச்சாச்சு சிஸ்டர், வண்டிதான் லேட்டு" என்பார்.

ஒரு நாள் காலை நெட்டை சிஸ்டர் ஊசியோடு போனபோதும் அப்படித்தான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். "பஞ்சு சிஸ்டர் போட்டா ஊசி போட்டதே தெரியறதில்ல. அதனாலயோ என்னமோ, வலிக்கும் தெரியறதில்ல போல. அது பாட்டுக்கு இருக்கு."

நெட்டை சிரித்தாள். அவரும் சிரித்தார். கால்மாட்டில் துண்டு மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

நெட்டை கை கழுவப் போனபோது அந்த அம்மாள் பின்னாலேயே வந்து நின்றார். குற்றம் சொல்வதாக நினைக்கக் கூடாது என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். நெட்டை ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் அவர் கண் அசந்துவிடுகிறாராம். பஞ்சு சிஸ்டர் டூட்டியில் இருந்தால் மட்டும் சாயங்காலம் வரை கட்டில் கம்பியை விடாமல் பிடித்தபடி இருக்கிறாராம். அந்த சிஸ்டர் தங்கமானவர், தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார், அதனால் அவரிடம் கேட்கவும் மனசு வரவில்லை என்றார். வலி ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது, டாக்டரிடம் சொல்கிறேன் என்று நெட்டை சமாதானம் சொல்லி அனுப்பினாள். சொன்ன வார்த்தை அவளுக்கே ஒட்டவில்லை.

பஞ்சுவும் நெட்டையும் ஒரே நர்சிங் பள்ளியில் படித்தவர்கள், ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர்கள். பட்டப்பெயர் இரண்டும் அங்கே விழுந்தவைதான். ஊசி போடப் பழகிய நாட்களில் மற்றப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் ரணமாக்கிக்கொண்டிருக்க, இவள் போட்டது மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இருக்காது. பஞ்சுக் கை என்றார்கள். அப்புறம் ஆளே பஞ்சு ஆகிவிட்டாள். நெட்டையின் பெயருக்கு விளக்கம் வேண்டாம். எந்த அறைக்கும் குனிந்துதான் நுழைவாள்.

வேலையும் இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் அமைந்தது. ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கும் தன் அண்ணனுக்குப் பெண் தேடத் தொடங்கியபோது, வெளியில் எதற்கு அலைய வேண்டும் என்று பஞ்சுவைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்து நிறுத்தியதே நெட்டைதான். கல்யாணமான மறுநாளே அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் வாடி போடி எல்லாம் கூடாது, வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட வேண்டும் என்று. அதிலிருந்து வீட்டில் அண்ணி, வார்டில் சிஸ்டர், இரண்டு பேரும் தனியாக இருந்தால் மட்டும் டி. அம்மா போன பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. நெட்டை கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டு மாடியறையிலேயே தங்கிவிட்டாள். அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் அத்தை வேண்டும்.

பஞ்சுவின் முதுகு போனதும் இதே வார்டில்தான். குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பருத்த நோயாளியைத் தூக்க ஆள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். யாரும் வரவில்லை. தண்ணீரில் கிடக்கிற மனுஷனை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்று தனியாகத் தூக்கியிருக்கிறாள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கிவிட்டது. பெல்ட், மாத்திரை, கொஞ்ச நாள் லீவு. வார்டில் ஆள் பற்றாக்குறை என்று திரும்ப வரச் சொன்னார்கள், வந்துவிட்டாள். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. மாடிப்படி ஏறும்போது மட்டும், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நடை பழகுகிற குழந்தை மாதிரி ஏறுவாள். அதை நெட்டை பார்த்திருந்தாள்.

கண்டக்டரின் மனைவி வந்து சொன்ன அன்று முழுவதும் நெட்டையின் மனதை அரித்தது வேறொரு விஷயம். மார்ஃபின் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒரு குப்பியில் இருப்பது கண்டக்டருக்கு வேண்டியதைவிட அதிகம். ஊசியில் எடுத்தது போக மிச்சத்தை இரண்டு நர்ஸ் நின்று பார்க்கத் தொட்டியில் ஊற்றிவிட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எடுக்கிறவர் கையையும் அவர் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட விதி அது. ஆனால் ஒரு நர்சுக்கு இத்தனை கட்டில் என்று ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று பார்க்க யாருக்கு நேரம்? அதுவும் பஞ்சுவிடம் போய்! 'ஊத்திட்டேன், போட்டுடு' என்று போகிற போக்கில் அவள் சொல்ல, நெட்டை போட்டுவிடுவாள். பஞ்சு ஊற்றியதைத் தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

அடுத்த முறை பஞ்சு மதிய ஊசி போட்ட பிறகு, போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் நெட்டை கண்டக்டரின் கட்டிலுக்குப் போனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ஃபின் உடம்பில் இறங்கினால் கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அவர் கண்ணில் அது அகலத் திறந்து கிடந்தது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. துணி அடுக்கும் அறையில் பஞ்சு தனியாகத் தலையணை உறை எண்ணிக்கொண்டிருந்தாள். நெட்டை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு" என்றாள்.

பஞ்சு நிமிர்ந்தாள். பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கலாகத் தெரிந்த அந்த அறையில், அவள் கண் பாப்பா இரண்டும் கடுகு மாதிரி இருந்தன.

நெட்டை எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சு முதலில் தலைவலி மாத்திரை என்றாள், அப்புறம் தூக்கம் இல்லை என்றாள். பிறகு கையில் இருந்த உறையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால்தான் சாய்ந்தாள் என்பது நெட்டைக்குத் தெரியும்.

"மொதல்ல மிச்சத்தத்தான்டி எடுத்தேன். தொட்டில ஊத்தறதுதானே. யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன்."

"இப்ப?"

பஞ்சு அடுக்கின் மேலிருந்த உறையை மறுபடி மடித்தாள்.

"அவருக்கு என்ன போடற?"

"பாதி போடறேன். ஒண்ணுமே போடாம இல்ல." உறையைப் பார்த்தபடி, "சில நாள் வெறும் சலைன்" என்றாள்.

வெறும் உப்புத் தண்ணீர். அந்த மனிதர் அதை வாங்கிக்கொண்டு, தலையைத் தடவிய கைக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்.

பஞ்சு அழுதாள். அழுகையிலும் குரல் எழும்பவில்லை. பழகிய நர்சுக்கு வார்டில் சத்தமாக அழக்கூட வராது. முதுகு வலியில் தரையில் உருண்டதைச் சொன்னாள். ஒரு தடவை போட்டுக்கொண்டபோது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்று மகளுக்குத் தலை பின்னிவிட்டதைச் சொன்னாள். இப்போது வலிக்காகக்கூட இல்லை, போடாவிட்டால் கை நடுங்குகிறது என்றாள். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, அது முடிகிற வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், அதற்குள் தானே விட்டுவிடுகிறேன், லீவு போட்டு எங்காவது போய் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்று நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படி ஒரு விஷயம் தெரிந்தால் உடனே மேலே சொல்ல வேண்டும், தெரிந்தும் சொல்லாதிருப்பதும் குற்றம்தான் என்பது நெட்டை அறியாததில்லை. ஆனால் எதிரில் நின்றது பஞ்சு. இனி அலமாரிச் சாவியைத் தொடவே கூடாது, கண்டக்டருக்கு நானே ஊசி போடுவேன், நான் இல்லாவிட்டால் வேறு நர்ஸ் போட வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். பஞ்சு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மகள் மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தவளை நெட்டை தடுத்துவிட்டாள்.

அடுத்த சில நாட்கள் நன்றாகவே போயின. நெட்டை தன் டூட்டி முடிந்தும் இருந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். கண்டக்டர் நன்றாகத் தூங்கினார், கஞ்சி குடித்தார். பஞ்சு வெளிறிப்போய், வியர்த்துக் கொட்டியபடி, இரண்டு தடவை கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வேலை பார்த்தாள். வீட்டில் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டாள். அண்ணன் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதைப் பார்க்க நெட்டைக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தது சரிதான், இதோ தெளிந்து வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டைக்கு வார விடுமுறை. அன்றைக்கு ஊசி போட ஒரு புது நர்சிடம் சொல்லி வைத்திருந்தாள். மதியம் மனசு கேட்காமல் வார்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது ஆயா. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தப் புது நர்ஸ் உடம்பு சரியில்லை என்று அன்று வரவே இல்லை என்பதும், சாவி பஞ்சுவிடம் போனது என்பதும் மறுநாள் காலை டூட்டிக்கு வந்த பிறகுதான் நெட்டைக்குத் தெரிந்தது.

கண்டக்டரின் கீழுதடு பிய்ந்து வீங்கியிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையில் விரல் மூட்டுகள் கன்றியிருந்தன. நெட்டை ஊசி போட்டாள். மருந்து இறங்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. கண் மூடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாளைக்கும் நீங்கதானே சிஸ்டர்?"

அவர் மனைவி மெல்லிய குரலில் முந்தின நாளைச் சொன்னார். காலையிலும் மதியத்திலும் பஞ்சு சிஸ்டர்தான் ஊசி போட்டாராம். கொஞ்சம்கூடக் கேட்கவில்லையாம். வேறு யாரையாவது கூப்பிடுகிறேன் என்று இவர் எழுந்தபோது கண்டக்டர் விடவில்லையாம். அந்தப் பெண்ணுக்கு ஏதோ கஷ்டம், கண் கலங்கியிருக்கிறது, நாம் வேறு போய்ப் புகார் சொல்ல வேண்டாம் என்று புடவையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம். பிறகு துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாராம்.

நெட்டை அங்கிருந்து நேராக மேட்ரன் அறைக்குப் போனாள்.

மேட்ரன் கெட்டவர் இல்லை. ஆள் பற்றாக்குறையோடும் நிர்வாகத்தோடும் மல்லுக்கட்டியே நரைத்தவர். நெட்டை சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். பஞ்சுவை இன்றைக்கே வேறு வார்டுக்கு மாற்றிவிடலாம், லீவு கொடுத்து வைத்தியத்துக்கு அனுப்பலாம், விஷயம் நர்சிங் கவுன்சிலுக்குப் போனால் நர்ஸ் பதிவையே ரத்து செய்வார்கள், ஆஸ்பத்திரி பெயரும் சந்தி சிரிக்கும் என்றார்.

"எந்த வார்டுக்கு மேடம் மாத்துவீங்க? எல்லா வார்டுலயும் அந்த அலமாரி இருக்கே" என்றாள் நெட்டை.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "உன் கையெழுத்தும் இருக்கும்மா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன் அண்ணிம்மா அவ."

"அதுவும் தெரியும் மேடம்."

மேட்ரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

மதியத்துக்குள் பஞ்சுவிடமிருந்து சாவியை வாங்கி, சிறுநீர் பரிசோதனைக்கு எடுத்து, வேலையிலிருந்து நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் போகும்போது நெட்டை ஒரு நோயாளிக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் பஞ்சு ஒரு நிமிஷம் நின்றது தெரிந்தது. நெட்டை தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கட்டு பாதியில் நின்றுவிடும் என்று பயந்தாள்.

அண்ணனுக்கு யார் வாயாலோ தெரிவதைவிடத் தானே சொல்வது மேல் என்று, டூட்டி முடிந்ததும் அவருடைய பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு ஃப்ரிட்ஜின் பின்புறத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லி முடிக்கிற வரை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். சொன்னாள். முதலில் தன்னிடம் சொல்லியிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி எங்காவது கூட்டிப் போய்ச் சரிசெய்திருப்பேனே என்றார். கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு அதுவரை யார் பதில் சொல்வது என்று அவள் கேட்டாள். அவர் ஏற்கெனவே கழற்றியிருந்த ஒரு நட்டை மறுபடி முடுக்கத் தொடங்கினார்.

"நீதான் கொண்டாந்து குடுத்த" என்றார் கடைசியாக. "நீயே பிடுங்கிக்கிட்ட. போ."

அந்த வாரமே நெட்டை மாடியறையைக் காலி செய்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். அண்ணன் மகள் சாமான் எடுத்து வைக்கக்கூட மேலே வரவில்லை. ஒரு பெட்டி, ஒரு ஸ்டூல், இரண்டு பாத்திரம். ஆட்டோவில் ஏற்றும்போது கீழே ஜன்னல் திரை ஒரு தடவை விலகி மூடியது. அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். நன்றாக எழுதவில்லை என்று வெகு நாள் கழித்து அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்தது.

கண்டக்டருக்கு அதற்குப் பிறகு ஊசி ஒழுங்காகக் கிடைத்தது. என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும், அவர் உடம்பில் நடந்தது அவருக்குத் தெரிய வேண்டும் என்று நெட்டை பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். சாகப்போகிற மனிதரிடம் போய் உங்களுக்குத் தண்ணீரை ஏற்றினோம் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது, நிம்மதியாகப் போகட்டும் என்றார் டாக்டர். விசாரணை முடிகிற வரை வாயைத் திறக்கக் கூடாது என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது.

ஒரு நாள் முகம் துடைத்துவிடும்போது கண்டக்டர் அவளிடம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற பீடிகையோடு, ஒரு விஷயம் சொன்னார். "அந்த ஞாயித்துக்கிழம நான் அழுதுட்டேன் சிஸ்டர். எங்க வீட்டுக்காரி முன்னாடியே. வலி தாங்கறவன்னு நெனச்சிட்டிருந்தேன் என்னை. கடைசில பாத்தா ஒண்ணுமில்ல."

"அது உங்க தப்பு இல்ல" என்றாள் நெட்டை.

அவர் அதை ஒரு ஆறுதல் பேச்சாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. துண்டைப் பிழிந்தாள், அலசினாள், மறுபடி பிழிந்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் என்று ஒன்று வரவில்லை. சில நாட்களில் அவர் நினைவு தப்பி, தூக்கத்திலேயே போய்விட்டார். தான் தாங்கத் தெரியாதவன் என்ற எண்ணத்தோடேயே போனார்.

கவுன்சில் விசாரணை மழைக்காலம் முடிந்த பிறகு நடந்தது. நீளமான மேஜை, அந்தப் பக்கம் மூன்று மூத்த நர்சுகளும் ஒரு வக்கீலும், இந்தப் பக்கம் தனித்தனி நாற்காலிகள். பஞ்சுவோடு அண்ணன் வந்திருந்தார். பஞ்சு இளைத்துப் பாதியாகியிருந்தாள். வைத்திய விடுதியில் இருந்துவிட்டு வந்திருந்தாள். எதையும் மறுக்கவில்லை. முதுகைப் பற்றி அவளாக எடுக்கவே இல்லை. அவளுக்காகப் பேசியவர்தான் எடுத்தார். நோயாளியைத் தூக்க ஏன் ஆள் இல்லாமல் போனது என்று மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். ஆஸ்பத்திரி சார்பில் வந்தவர், அது இந்த விசாரணையில் வராது என்றார். அதோடு அது நின்றது.

கண்டக்டரின் மனைவியையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். ஊசியில் என்ன இருந்தது என்பது அந்த அம்மாளுக்குக் கவுன்சிலிலிருந்து ஆள் வந்து சொல்லித்தான் தெரிந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். பஞ்சு எழுந்து கை கூப்பியபோது அவர் கோபப்படவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு, தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இடைவேளையில் நெட்டை வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் பக்கத்தில் வந்தார். பழைய மாதிரியே தயங்கித் தயங்கி நின்றார்.

"நீங்கதான் சொன்னீங்கன்னாங்க. நல்லா இருங்கம்மா. ஒண்ணு மட்டும் கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்? அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியா, அப்புறமா?"

மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி வந்திருந்தது. அங்கே தேதி சொல்லிவிட்டு உட்கார முடிந்தது. இங்கே முடியவில்லை.

"முன்னாடி" என்றாள்.

அந்த அம்மாள் 'ஓ' என்று மட்டும் சொன்னார். தோளில் தொங்கிய பையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, படி இறங்கிப் போய்விட்டார். சாட்சிக்காரர்களுக்கு வைத்திருந்த சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை.

பஞ்சுவின் பதிவை நிறுத்திவைத்தார்கள். வைத்தியம் முடித்து, குறிப்பிட்ட காலம் சுத்தமாக இருந்து காட்டினால் மறுபடி விண்ணப்பிக்கலாம், அப்போதும் இந்த வகை மருந்தைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காகவும், தெரிந்தும் தாமதித்ததற்காகவும் நெட்டைக்குக் கண்டனம். தண்டனை அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அது ஒன்றும் அவளுக்கு ஆறுதலாக இல்லை.

வேலை தொடர்ந்தது. வார்டில் நெட்டை வந்தால் பேச்சு சட்டென்று குறையும். டீ குடிக்கப் போகிறவர்கள் அவளைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். சொந்த அண்ணியையே மாட்டிவிட்டவள் என்று புதிதாக வருகிறவர்களுக்கும் யாரோ சொல்லிவிடுகிறார்கள். மிச்ச மருந்தை ஊற்றும்போது அவள் தொட்டி பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். கடைசிச் சொட்டு வரை பார்ப்பாள். தங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் விளக்கம் சொல்லப் போகவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மதியம், நெட்டையின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் பஞ்சு நின்றாள். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நெட்டை வழி விட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பஞ்சு உட்காராமல் சுவரோரமாக நின்றாள்.

பதிவு திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை, ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடுகிற வேலை பார்க்கிறேன் என்றாள். அண்ணன் எப்படி என்று நெட்டை கேட்டாள். இருக்கிறார், பேச்சு குறைந்துவிட்டது என்றாள். மகள் வெளியூரில் படிக்கிறாளாம். கீழே தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள்.

"உங்கண்ணன் நெனக்கறாரு, நீ சொல்லிட்டதாலதான் நான் உன்கூடப் பேசலன்னு" என்றாள் பஞ்சு. "அது இல்லடி."

நெட்டை அவளைப் பார்த்தாள்.

"துணி ரூம்ல வச்சு என்னைப் பிடிச்சியே, அன்னிக்கே நீ சொல்லியிருக்கணும். நான் கெஞ்சினேன், சரி. கெஞ்சறவ எதையும்தான் சொல்லுவா. நீ ஏன்டி கேட்ட? நீ அன்னிக்கே போயிருந்தா அந்த ஞாயித்துக்கிழம எனக்கு வந்திருக்காது. மத்ததெல்லாம் எப்படியோ கழிஞ்சிடும். அது கழிய மாட்டேங்குது. துண்டக் கடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கப் பாத்தாருடி அவரு."

உன்னை நம்பினேன் என்று நெட்டை சொல்லலாம். நம்பியது யாருக்காக என்று பஞ்சு திருப்பிக் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சில நாட்கள் பஞ்சுவுக்குக் கொடுத்த சலுகை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதற்கு வலியைத் தாங்கியவர் கண்டக்டர். அதை இப்போது சுமந்துகொண்டு நிற்பவள் பஞ்சு. நடுவில் தனக்கு மட்டும் நல்லவளாக இருக்க முடிந்திருந்தது.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

பஞ்சு இல்லை என்று தலையசைத்தாள். நெட்டை இருந்ததை இரண்டு தட்டில் போட்டுக் கொண்டு வந்தாள். பஞ்சு நின்றபடியே, ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நெட்டையும் உட்காரவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். தட்டைக் கழுவப் போனவளிடமிருந்து நெட்டை அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இனி வருவாயா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பஞ்சு செருப்பை மாட்டிக்கொண்டு, வருகிறேன் என்றும் சொல்லாமல், போகிறேன் என்றும் சொல்லாமல், சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கீழே போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்கிற வரை நெட்டை மாடிப்படியின் மேற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு மாலை டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய் உடை மாற்றத் தொடங்கினாள்.